ஒட்டியிருந்தது எப்போது, பிரிப்பதற்கு?

நான் கருங்காலி. இந்தப் பட்டத்தை எனக்குக் கொடுத்தவர்கள் தோழர்கள். ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனி வாசலில், விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு, வேன் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கொடுத்தார்கள். கருங்காலி என்பதோடு நிறுத்தியிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அடுத்த சொல்லாக என் சாதிப் பெயரையும் சேர்த்துக் கத்தினார்கள். அந்த இரண்டு சொல்லும் ஒரே மூச்சில் எப்படி வந்தன என்று யோசிக்க ஆரம்பித்தவன்தான், நூறு வருசம் பின்னால் போய் புளியந்தோப்பில் நின்றேன்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நியாயப்படுத்திக்கொள்ள அல்ல. இது ஒருத்தன் கதை இல்லை என்பதற்காக.

எங்க சேரி சுங்குவார்சத்திரம் பக்கம். அந்தக் கம்பெனியில் ஐந்து வருசம் வேலை பார்த்தேன். ஐந்து வருசத்தில் காண்ட்ராக்டர் மூணு பேர் மாறினார்கள். நான் மாறவில்லை, அதே லைன், அதே மெஷின். பக்கத்து மெஷினில் நின்றவர் பர்மனென்ட். அவர் போட்ட பீஸைத்தான் நானும் போட்டேன். அவர் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு எனக்கு. அவருக்கு நீலச் சட்டை, எனக்குச் சாம்பல் சட்டை. அவருக்கு பஸ், எனக்கு வேன். அவரும் எங்க ஊர்க்காரர்தான். ஊர்க்காரர் என்றால் ஊர்த் தெருக்காரர். அவங்க தெரு வழியாக எங்க பொணம் போகக் கூடாது. ஏரிக்கரையைச் சுற்றித்தான் தூக்கிக்கொண்டு போவோம்; ஐப்பசி கார்த்திகையில் செத்தால் முழங்கால் சேற்றில் போவோம். லைனில் என்னைத் 'தம்பி' என்பார். ஊரில் எதிரே வந்தால் பார்க்காத மாதிரி போவார்.

பர்மனென்ட் ஆட்கள் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். நோட்டீசில் பதினேழு கோரிக்கை. பதினேழில் ஒன்றுகூட எங்களைப் பற்றி இல்லை. பந்தல் போட்டார்கள், எங்களைக் கூப்பிடவில்லை. காண்ட்ராக்டர் கூப்பிட்டான். பள்ளிக்கூட பஸ்கூட நுழையாத எங்க தெருவுக்குள் அவன் வேன் வந்து நின்றது. நாளுக்கு நூறு ரூபாய் சேர்த்துத் தருகிறேன் என்றான். போவதா வேண்டாமா என்று நான் வாசலில் நின்றபோது எங்க நைனா சொன்னார்: "அவனுங்க மாசக்கணக்குல உக்காருவானுங்க. நெலம் வித்த காசு பேங்குல கீது. நீ எத்தினி நாளுடா உக்காருவ?"

நான் வேனில் ஏறினேன்.

இருபத்துமூணாவது நாள் ஒப்பந்தம் கையெழுத்தானது. அவர்களுக்குச் சம்பளம் ஏறியது. அடுத்த மாசம் காண்ட்ராக்டர் எங்களில் பாதிப்பேரை நிறுத்தினான். "ஆர்டர் கம்மிப்பா" என்றான். என்னையும்தான். ஆக, உள்ளே போனதில் எனக்கு மிச்சம் இருபத்துமூணு நாள் கூலியும் இந்தப் பட்டமும்.

சில மாதம் கழித்து ஒரு தொழிற்சங்க அரங்கக் கூட்டம். எழுந்து நின்று கேட்டேன், காண்ட்ராக்ட் ஆளை ஏன் சங்கத்தில் சேர்க்கவில்லை என்று. மேடையில் இருந்த பெரியவர் நல்ல மனிதர், ஜெயிலுக்குப் போனவர். அவர் சொன்னார்: "தம்பி, இது புதுசில்ல. 1921லயே பெரம்பூர் மில்லுல வெள்ளைக்காரன் உங்க ஆளுங்கள இப்படித்தான் எங்ககிட்டேருந்து பிரிச்சான்."

பிரிச்சான். அந்தச் சொல் முள்ளாக ஏறியது. பிரித்தான் என்றால் அதற்கு முன்னால் ஒட்டியிருந்தோம் என்று அர்த்தம். ஒட்டியிருந்தது எப்போது? எந்தத் தெருவில்? எந்தக் கிணற்றில்?

2

பிளவுண்ட நகரம் என்றதும் நம் அறிவுஜீவிகளுக்கு பெர்லின் ஞாபகம் வருகிறது. 1961 ஆகஸ்ட் 13இல் அங்கே தடுப்பு எழுந்தது, 1989 நவம்பர் 9இல் திறந்தது. உலகமே அழுதது, பாடியது, செங்கல்லைப் பொறுக்கி வீட்டு அலமாரியில் வைத்துக்கொண்டது. அதே 1989இல்தான் மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித்துகளுக்கு எதிராகச் சுவர் எழுந்தது. 2008 மே 6இல் அதில் ஒரு வழி திறக்கும்வரை பத்தொன்பது வருசம் நின்றது. பெர்லினில் உடைந்ததற்குக் கண்ணீர் விட்டவர்கள் உத்தப்புரத்தில் எழுந்ததைப் பார்க்கவே இல்லை. கிராமத்தில் சுவர் இருக்கும், அது ஊர் வழக்கம் என்று விட்டுவிட்டார்கள்.

நகரத்துக்கு வந்தால் சாதி போய்விடும் என்கிறார்களே, அந்த நகரத்தைப் பார்ப்போம். சென்னை சுவரோடு பிறந்த நகரம். கோட்டைக்குள் வெள்ளையர் நகரம், வெளியே கறுப்பர் நகரம். கறுப்பர் நகரத்துக்குள் வலங்கை, இடங்கை. எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போவது என்று அவர்கள் அடித்துக்கொண்டபோது, 1707-08இல் கவர்னர் தாமஸ் பிட் தெருக்களையே பிரித்துக் கொடுத்தார். இந்தப் பிரிவினைக்கும் வெளியே பறைச்சேரி. வெள்ளைக்காரன் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த கோட்டின்மேல் சுண்ணாம்பு அடித்தான்.

இந்த நகரத்தில்தான், பெரம்பூரில், பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாடிக் மில்கள். 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி.வாடியா, திரு.வி.க., செல்வபதிச் செட்டியார், ராமானுஜலு நாயுடு முன்னின்றார்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று நாம் மேடைதோறும் பெருமை பேசும் சங்கம் இதுதான். பேசட்டும், பெருமைதான். அதன் ஆரம்பப் போராட்டங்களில் ஆதிதிராவிடர்களும் நின்றார்கள் என்பதையும் சேர்த்துப் பேசட்டும்.

1921 மே 20இல் கர்நாடிக் மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜூன் 20இல் பக்கிங்காம் மில்லும் சேர்ந்தது. இந்த முறை ஆதிதிராவிடர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குப் போனார்கள். சட்டசபையில் நியமன உறுப்பினராக இருந்த எம்.சி.ராஜா, போராட்டத்தில் சேராதீர்கள் என்று சொன்னார். அவர் சொன்னதால் மட்டும் போனார்கள் என்பது சேரியைத் தெரியாதவன் பேச்சு. ஊரில் காணி இருந்தவன் ஊருக்குப் போய்க் காத்திருக்கலாம். கூலியும் கடனும் மட்டுமே உள்ளவன் எங்கே போவான்? எங்க நைனா வாசலில் நின்று கேட்ட கேள்வியைப் புளியந்தோப்பில் எத்தனை நைனாக்கள் கேட்டிருப்பார்கள்!

ஜூன் கடைசியில் புளியந்தோப்பு சேரி எரிந்தது. ஏறக்குறைய நூறு குடிசை. அதன்பிறகு மாதக்கணக்கில் கலவரம். ஒரு பக்கம் சாதி இந்துக்களும் முஸ்லிம்களுமான வேலைநிறுத்தக்காரர்கள், இன்னொரு பக்கம் ஆதிதிராவிடர்கள். எங்க ஆளுங்களும் திருப்பி அடித்தார்கள். அதை மறைக்கப் போவதில்லை. ஆகஸ்ட் 29இல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் செத்தார்கள். அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்று முடிந்தது.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் தரப்பு அரசாங்கத்திடம் ஒரு தீர்வு சொன்னது: ஆதிதிராவிடர்களை நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் குடிவையுங்கள். தொழிலாளர் துறை இவர்களுக்குச் செல்லம் கொடுத்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சட்டசபையில் அந்தக் கட்சிக்காரர்கள் பேசினார்கள். பார்ப்பனரல்லாதார் என்ற பெரிய குடைக்குள் எங்களுக்கு எவ்வளவு இடம் என்பது அன்றைக்கே தெரிந்துபோனது. 1923இல் எம்.சி.ராஜா அந்தக் கட்சியை விட்டு வெளியேறினார்.

அன்றைக்குக் கோரிக்கையாக இருந்தது இன்றைக்கு வீட்டுவசதித் திட்டமாகிவிட்டது. 2000இலிருந்து கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். கூவக்கரையில், அடையாற்றங்கரையில் குடிசை போட்டு இந்த நகரத்தைக் கட்டிக்கொடுத்தவர்களை லாரியில் ஏற்றிப் பல மைலுக்கு அப்பால் இறக்கினார்கள். அதில் பெரும்பகுதி யார் என்று கணக்கெடுக்கத் தேவையில்லை, நேரில் போனால் தெரியும். வெளியேற்றாமல் விட்ட இடத்தில் என்ன கட்டினார்கள்? அதே புளியந்தோப்பில், குடிசை எரிந்து சரியாக நூறு வருசம் கழித்து, 2021 ஆகஸ்டில், கே.பி.பார்க் அடுக்குமாடியின் சுவர் கைபட்டாலே உதிர்ந்ததை ஊரே டிவியில் பார்த்தது.

3

இப்போது பெரியவரின் சொல்லுக்கு வருகிறேன். வெள்ளைக்காரன் பிரித்தான். மில்காரன் பிரித்தான். ஆமாம், பயன்படுத்திக்கொண்டான். முதலாளி என்றால் அதைத்தான் செய்வான். விரிசல் இருக்கிற சுவரில்தானே கடப்பாரை இறங்கும்? விரிசல் போட்டவன் யார்? ஒன்றாக நெய்தவர்கள் ஒன்றாகத் தண்ணீர் குடித்தார்களா? சங்கக் கூட்டம் சேரிக்குள் நடந்ததா? வேலைநிறுத்தம் தொடங்கும்போது முதலில் பட்டினி கிடக்கப் போகிறவன் யார் என்று யாராவது கணக்குப் பார்த்தார்களா? இதையெல்லாம் கேட்காமல் 'பிரித்தான்' என்று சொல்வது, தன் பங்கை முதலாளி கணக்கில் எழுதிவிட்டுக் கையைக் கழுவுவது.

இதைச் சொன்னதும் நம்ம பக்கத்துத் தோழர்கள் சிலர் கை தட்டுவார்கள். அவசரப்பட வேண்டாம், உங்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. 1921இல் நாம் உள்ளே போனது சரி, அதுவே தலித் அரசியல், சாதி இந்துக்களின் போராட்டம் நமக்கு எதற்கு என்று நீங்கள் பேசுகிறீர்கள். நான் உள்ளே போனவன். எனக்குத் தெரியும் அதன் ருசி. பின்னி மில்லுக்கு உள்ளே போனதால் சேரி மாடி ஆகவில்லை. 1996இல் மில்லை மூடினபோது, இவன் தாத்தா உள்ளே போனவர், இவன் தாத்தா வெளியே நின்றவர் என்று பார்த்தா மூடினான்? இப்போது அந்த இடத்தில் வானம் முட்டும் குடியிருப்புகள் நிற்கின்றன. உள்ளே போனவன் பேரனுக்கும் அதில் வீடில்லை, வெளியே நின்றவன் பேரனுக்கும் இல்லை. வேன் அனுப்புகிற காண்ட்ராக்டர் நம் விடுதலைக்காக அனுப்பவில்லை. நம் காயத்துக்கு அவன் விலை வைக்கிறான். என்னுடையதற்கு நூறு ரூபாய் வைத்தான்.

அப்படியானால் எந்தப் பக்கம் நிற்பது? அம்பேத்கர் பம்பாயில் என்ன செய்தார் என்று பார்க்கலாம். அங்கே துணி மில்களில் நெசவுப் பிரிவில் தலித்துகளுக்கு இடமில்லை. தறியில் அறுந்த நூலை வாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும், தீண்டத்தகாதவன் வாய் பட்ட நூலைத் தொட மாட்டோம் என்றான் சாதி இந்துத் தொழிலாளி. செங்கொடி பிடித்த தொழிலாளிதான். 1928 வேலைநிறுத்தத்தில் அம்பேத்கர் இதைக் கோரிக்கையாக வை, இல்லாவிட்டால் எங்கள் ஆட்களை நிற்கச் சொல்ல மாட்டேன் என்றார். வேண்டா வெறுப்பாகச் சேர்த்தார்கள். 1929 வேலைநிறுத்தத்தை அவர் எதிர்த்தார். இதை மட்டும் எடுத்துக்கொண்டு அவரைத் தொழிலாளர் விரோதி என்று எழுதியவர்கள் உண்டு. அதே அம்பேத்கர் 1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வே தலித் தொழிலாளர் மாநாட்டில் பார்ப்பனியம், முதலாளியம் என்று இரண்டு எதிரிகளைப் பெயர் சொல்லிக் காட்டினார். அதே ஆண்டு நவம்பர் 7இல், வேலைநிறுத்த உரிமையைப் பறிக்க வந்த தொழில் தகராறு மசோதாவை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து பம்பாயில் வேலைநிறுத்தம் நடத்தினார்.

1929இல் மறுத்தவரும் 1938இல் தெருவில் இறங்கியவரும் ஒரே ஆள். முரண்பாடு இல்லை. ஒற்றுமைக்கு நிபந்தனை உண்டு என்றார். நிபந்தனை வைக்கிறேன் என்பதற்காக ஒற்றுமையே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. இடதுசாரித் தோழர்கள் முதல் பாதியைக் கேட்க மறுக்கிறார்கள். நம் தோழர்கள் இரண்டாம் பாதியை மறந்துவிடுகிறார்கள்.

4

பெரம்பூர் மில்லை மூடிய அதே 1996இல்தான் ஹூண்டாய் இந்தியாவில் பதிவானது. இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து 1998இல் கார் வந்தது. அதற்குப் பின்னால் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று சிப்காட் பரவியது. புதிய பெரம்பூர் இதுதான். சேரிக்காரர்களைத் திருக்குலத்தார் என்று அழைத்ததாகச் சொல்லப்படும் ராமானுஜர் பிறந்த மண். இந்த மண்ணில் திருக்குலத்தார் இன்றும் ஏரிக்கரை வழியாகத்தான் சுடுகாட்டுக்குப் போகிறார்கள்.

இந்த மண்ணின் கணக்கையும் சொல்லியாக வேண்டும். பழைய செங்கல்பட்டு மாவட்டம் இது. கலெக்டர் ட்ரெமென்ஹீர் எங்க முன்னோரின் நிலைமையை 1891இல் அறிக்கையாக எழுதி, 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்ததே இந்த மாவட்டத்தை வைத்துத்தான். அந்த நிலம் எங்கே என்று கேட்டபோது, 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குச் செத்தார்கள். பிறகு சிப்காட் வந்தது. பட்டா வைத்திருந்தவனுக்கு இழப்பீடு. அவன் நிலத்தில் தலைமுறையாக நடவு நட்ட கூலிக்கு? எங்க ஆயா மாடு மேய்த்த மேய்க்காலுக்கு? ஒன்றுமில்லை. அந்த இழப்பீட்டுப் பணம்தான் வேலைநிறுத்தத்தில் ஒருவனை மூன்று மாசம் உட்கார வைக்கிறது, இன்னொருவனை மூன்றாம் நாள் வேனில் ஏற்றுகிறது. நிலத்தின் சாதி, பந்தலுக்கு வந்துவிட்டது.

நான் போராட்டங்களைக் கொச்சைப்படுத்தவில்லை. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு விஷமானபோது பாக்ஸ்கான் பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024 செப்டம்பர் 9இலிருந்து 37 நாள் சாம்சங் தொழிலாளர்கள் சங்க உரிமைக்காக நின்றார்கள். பந்தலைப் பிரித்துப் போட்ட பிறகும் நின்றார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. சங்கம் என்ற சொல்லையே மெதுவாகச் சொல்கிற வட்டாரத்தில் இது சாதாரண வெற்றி இல்லை. அதனால்தான் இப்போது இதைப் பேசுகிறேன். தோற்ற பிறகு பேசினால் 'பிரித்தான்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள்.

சங்கத் தோழர்களுக்குச் சொல்வது: சேரிக்கு வாருங்கள். ஓட்டுக்கும் உண்டியலுக்கும் அல்ல, கிளைக் கூட்டத்துக்கு வாருங்கள். காண்ட்ராக்ட் ஆளுக்கும் அதே உறுப்பினர் சீட்டு, அதே ஓட்டு. சம வேலைக்குச் சமக் கூலி என்பது பதினேழாவதாகக்கூட இல்லாமல் போனது. அது முதல் கோரிக்கையாக இருக்கட்டும். வேலைநிறுத்த நிதி முதல் நாளே கையிருப்பு இல்லாத வீட்டுக்கு அரிசியாகப் போகட்டும். கடைசியாக, மனசு கசக்கும் ஒன்று: உங்கள் உறுப்பினர் தெருவில் எங்கள் பிணம் போகட்டும். அது ஊர்ப் பிரச்சினை, தொழிற்சங்கப் பிரச்சினை இல்லை என்பீர்கள். பாதையை மறிக்கிற கையில்தான் சங்கச் சீட்டும் இருக்கிறது, தோழர். 'காலனி' என்ற சொல்லைப் பதிவேட்டிலிருந்து நீக்குவதாக 2025இல் அரசு அறிவித்தது, நல்லது. சொல் போகட்டும். சேறு எப்போது போகும்?

நம் ஆட்களுக்கும், படிக்கிற தம்பி தங்கைகளுக்கும் சொல்வது: இப்போது அந்த வேனில் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம். தகரக் கொட்டகையில் பத்துப் பேர், பதினைந்து பேர். அவர்களில் எத்தனை பேர் நம்மைப் போலவே தலித்துகள், ஆதிவாசிகள் என்று நாம் கேட்டதுண்டா? போன மாசம் எங்க சேரி டீக்கடையில் நம்ம பையன் ஒருத்தன் சொன்னான்: "இந்த வடக்கனுங்க வந்துதாண்ணா நம்ம பொழப்பு போச்சு. இவனுங்கள ஊரை வுட்டே தொரத்தணும்."

ஊரை விட்டே துரத்தணும். 1921இல் எங்களைப் பற்றிச் சொன்ன அதே வாக்கியம். இப்போது எங்க வாயிலிருந்து வருகிறது. எனக்கு டீ இறங்கவில்லை.

நான் அவனிடம் புளியந்தோப்புக் கதையைச் சொன்னேன். குடிசை எரிந்ததைச் சொன்னேன், என் வேன் கதையையும் சொன்னேன். அவன் கேட்டான்: "எரிஞ்ச வூட்டுக்காரங்க பேரெல்லாம் எங்கனா எழுதி வெச்சிருக்காங்களாண்ணா?" மே தினம் கொண்டாடுகிறோம், சங்கம் பிறந்த நாளைக் கொண்டாடுகிறோம். ஜூன் கடைசி வந்தால் புளியந்தோப்பை நினைக்கிறவன் எவன்? வெற்றியை மட்டும் நினைக்கிற இயக்கம் தன் தோல்வியைத் திரும்பத் திரும்பச் செய்யும்.

அடுத்த ஜூன் கடைசியில் எங்க சேரியில் கூட்டம் போடுகிறோம். தகரக் கொட்டகைக்காரர்களையும் கூப்பிடப் போகிறோம். அந்தப் பையன்தான் இந்தியில் பேச ஆள் பிடிக்கிறேன் என்றிருக்கிறான். பக்கத்து மெஷின்காரரிடமும் போய்ச் சொன்னேன், ஊர்த் தெருவிலேயே, அவர் வீட்டு வாசலில் நின்று. "பார்க்கலாம் தம்பி" என்றார். வருவாரா தெரியாது. ஊர்த் தெருவில் அவர் என்னைத் தம்பி என்றது அதுதான் முதல் தடவை.

வரட்டும், வராமல் போகட்டும். அடுத்த வேன் எப்படியும் வரும். அது வருவதற்குள் நாம் ஒட்டவில்லை என்றால், இன்னும் நூறு வருசம் கழித்து எவனோ ஒரு பெரியவன் மேடையில் நின்று சொல்வான்: ஒரகடத்தில் கம்பெனிக்காரன் நம்மைப் பிரித்துவிட்டான் என்று.